ஆறு காம்பரா கேட்ட பாட்டு

மச்சினன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொன்றும் ஒரு பால்மா பெட்டி அளவுதான். அதைப் பஞ்சுக்குள் வைத்துப் பொத்திப் பொத்திக் கொண்டுவந்திருந்தான். நான் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் பதினோரு வருடமாகக் குழாய் ஸ்பீக்கர் கட்டி, மிக்ஸர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வருகிறவன். என் குழாய்கள் இரண்டும் மாமரத்தில் ஏறிவிட்டால், கீழே ஓப்பநாயக்க ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் பூசை தொடங்கியது தெரியும். அப்படிப்பட்டவனிடம் பால்மா பெட்டியைக் காட்டினால் என்ன செய்வேன்?

அவன் என் மனைவியின் தம்பி. கொழும்பில் ஒரு ஹோட்டலில் கல்யாணங்களுக்கு சவுண்ட் பார்க்கிறான். திருவிழாவுக்காக ஒரு மாத லீவில் வந்து எங்கள் காம்பரா வீட்டில் தங்கியிருந்தான். நல்ல பிள்ளை. ஆனால் எதைச் சொன்னாலும் மெதுவாக, பணிவாகச் சொல்லுவான். அப்படிச் சொல்கிறவர்களோடு சண்டை போடுவது ரொம்பக் கஷ்டம்.

ஸ்பீக்கரைச் சாமிப்படத்துக்குக் கீழே இருந்த தட்டில் வைத்தான். புளூடூத்தில் போட்டால் பாட்டு வழியிலேயே மெலிந்துவிடும் என்று சொல்லி, போனிலிருந்து நேராக வயர் இழுத்தான். எங்கள் பக்கம் சிக்னல் ஜன்னலோரத்தில் மட்டும்தான் நிற்கும் என்பதால் போனை ஜன்னல் கம்பியில் துணி கிளிப் போட்டு மாட்டினான். அதில் ஒரு பாட்டு ஆப். மாதச் சந்தா கட்டியது. அதற்குள் ஒரு இடத்தைத் தட்டினால் டேட்டா மிச்சம் பிடிக்கிற தரம், இன்னொரு இடத்தைத் தட்டினால் ஹை ரெசலூஷன்.

ஒரே பக்திப் பாட்டை இரண்டு தரத்திலும் போட்டுக் காட்டினான். நான் கண்ணை மூடிக் கேட்டேன். இரண்டும் ஒன்றுதான்.

எனக்கு இந்த விஷயத்தில் சந்தேகமே வரவில்லை. நான் இருபத்திரண்டு வருடமாகத் தேயிலை ஃபேக்டரியில் ரோலர் ஓடுகிற ரூமில் நிற்கிறவன். எந்த ரோலரில் பேரிங் தேய்கிறது என்பதைக் காதாலேயே சொல்லுவேன். டீமேக்கர் ஐயாவே இரண்டு முறை என்னைக் கூப்பிட்டு, "நீ கேட்டுச் சொல்லு" என்று மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார். அந்தக் காது சொல்கிறது வித்தியாசம் இல்லையென்று. இதற்குமேல் என்ன விசாரணை?

அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த மனைவி, இரண்டாவது நல்லாயிருக்கு என்று சொன்னாள். கீழே பணிய மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்த களைப்பில் ஏதோ தோன்றியிருக்கும் என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். சின்ன ஸ்பீக்கரில் இதெல்லாம் தெரியாது, கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான், ஆற்றையே கொண்டுவந்தாலும் பீலிக்குழாயில் வருகிற தண்ணீர்தான் வரும் என்று அரைமணி நேரம் விளக்கினேன். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். மச்சினன் மட்டும் மெதுவாக, "அக்கா சொல்றது சரிதான் மச்சான்" என்றான்.

எங்கள் லயம் ஒரே நீளக் கட்டடம், வரிசையாக ஆறு காம்பராக்கள். நடுச்சுவர்கள் கூரைவரை போவதில்லை. மேலே ஒரே தகரம். ஒரு காம்பராவில் பேசினால் அது ஆறு காம்பராவுக்கும் பேசியதுதான். ஆகவே மறுநாள் காலை பிரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் போடும்போதே எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அதோடு வேறொரு பேச்சும் சேர்ந்துகொண்டது. கொழும்பில் ஹோட்டலில் சவுண்ட் பார்க்கிற பிள்ளை லீவில் வந்திருக்கிறதே, இந்த வருடம் திருவிழா மிக்ஸரில் அதை உட்காரவைத்தால் என்ன என்று கோயில் கமிட்டியில் யாரோ கேட்டிருந்தார்கள்.

அதைக் கேட்டதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மறைக்க என்ன இருக்கிறது? ஃபேக்டரியில் நான் சம்பளச் செக்ரோலில் ஒரு நம்பர். வருடத்தில் மூன்று நாள், அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் துண்டோடு உட்கார்ந்திருக்கும்போதுதான் நான் ஒரு ஆள். பூசாரியே என் கையைப் பார்த்துத்தான் மந்திரத்தைத் தொடங்குவார். அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

கமிட்டித் தலைவரும் யூனியன் தலைவரும் எங்கள் தோட்டத்தில் ஒரே ஆள்தான். அறுபத்தைந்து வயதிருக்கும். வாழ்நாள் முழுக்கச் சம்பளப் பேச்சுவார்த்தை பார்த்தவர் என்பதால், புருஷன் பெண்சாதிச் சண்டையைக்கூட இரண்டு தரப்பாகப் பிரித்து நோட்டில் எழுதித்தான் தீர்ப்பார். இதையும் அப்படியே எடுத்துக்கொண்டார். நோட்டில் கோடு போட்டு, ஒரு பக்கம் 'வித்தியாசம் உண்டு' என்றும் மறுபக்கம் 'வித்தியாசம் இல்லை' என்றும் எழுதி, இரண்டு தரப்பிடமும் கையெழுத்து வாங்கினார். எந்தத் தரப்பு ஜெயிக்கிறதோ அந்தத் தரப்பு மிக்ஸரில் உட்காரும் என்பது உடன்பாடு. நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன்.

பௌர்ணமிப் போயா லீவன்று காலையில் சோதனை வைத்தோம். முதல் சோதனை தலைவருடைய யோசனை. எது நல்ல சத்தம் என்பதை எது தூரம் போகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்றார் அவர். எங்கள் ஆட்கள் யாருக்கும் அதில் தப்பிருப்பதாகத் தோன்றவில்லை, எனக்கும்தான். தப்புமேளம் கொட்டி வேலைக்கு ஆள் கூப்பிட்ட காலம் முதல் தோட்டத்தில் சத்தத்தை அப்படித்தான் அளக்கிறோம். எதிர்மலையில் கடை வைத்திருக்கும் சிங்கள முதலாளிக்குத் தலைவர் போன் போட்டு, வாசலில் வந்து நின்று கேட்கச் சொன்னார். பால்மா பெட்டிகள் இரண்டையும் வாசல் இஸ்தோப்புக்குத் தூக்கிவந்து எதிர்மலையைப் பார்த்து வைத்தோம். டேட்டா மிச்சம் பிடிக்கிற தரத்தில் ஒருமுறை, ஹை ரெசலூஷனில் ஒருமுறை.

"மொகுத் எஹென்னே நே" என்றார் முதலாளி. ஒன்றும் கேட்கவில்லையாம்.

தலைவர் விடவில்லை. காற்று திரும்பட்டும் என்று கால்மணி நேரம் காத்திருந்தோம். மறுபடியும் கேட்டார். முதலாளி, தன் கடைக்குப் பின்னால் கோழி கொத்துகிற சத்தம் மட்டும்தான் கேட்கிறது, அது ரொம்பத் தெளிவாகக் கேட்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். தலைவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு தரப்புக்கும் பூஜ்யம்.

அப்போதுதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இரண்டாவது சோதனை என் சொந்த யோசனை. ஸ்பீக்கரை எங்கள் காம்பராவுக்குள்ளேயே வைப்போம், மற்ற ஐந்து காம்பராக்காரர்களும் கதவை மூடிக்கொண்டு அவரவர் காம்பராவில் உட்காரட்டும், பாட்டு தகரத்துக்குக் கீழாக எல்லாருக்கும் போய்ச் சேரும், போனில் எந்தத் தரம் ஓடுகிறது என்பதை யாரும் பார்க்க முடியாது, நல்ல தரம் முதலில் வந்தால் சுவரில் ஒரு தட்டு, இரண்டாவதாக வந்தால் இரண்டு தட்டு என்றேன். கட்டுவதற்கு லட்சம் லட்சமாகக் கொட்டினாலும் இதைவிட நல்ல பரிசோதனைக்கூடம் கிடைக்காது என்று மச்சினன் வியந்துபோனான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அவன் உள்ளே போனைத் தட்டினான். என் மனைவி அடுத்த காம்பராவில் போய் உட்கார்ந்தாள். நானும் தலைவரும் ஜன்னலோரமாக இஸ்தோப்பில் நின்று கணக்கெடுத்தோம். பத்து முறை மாற்றி மாற்றிப் போட்டான். பத்து முறையும் ஐந்து காம்பராவிலிருந்தும் தட்டு வந்தது. ஒன்றிரண்டைத் தவிர அத்தனையும் சரி. கடைசிக் காம்பராவில் காய்ச்சலோடு படுத்திருந்த மனுஷிகூடப் படுத்தபடியே சுவரைத் தட்டிச் சரியாகச் சொல்லிவிட்டாள்.

நான் ஒப்புக்கொள்வேனா? எல்லாரும் ஒரே கேங்கில் கொழுந்து பறிக்கிறவர்கள், பேசிவைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்றேன். நல்ல தரம் போடும்போது சிக்னல் திக்குவதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்றேன். தகரம் வெயிலில் சூடேறிவிட்டது, அதனால் என்றேன். தலைவர் ஒவ்வொன்றையும் ஆட்சேபனை என்று தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டார். அந்த இரண்டு தரத்திலும் அப்படி என்ன வித்தியாசத்தைக் கண்டார்கள் என்று மனைவியிடம் கோபமாகக் கேட்டேன். அவள் வெளியே வந்து, கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்.

"நல்லதுல ஜாலரா அடிச்ச பெறகும் கொஞ்ச நேரம் அது இருக்குங்க. மத்ததுல அடிச்ச உடனே செத்துப் போகுது."

நான் திரும்பவும் இரண்டையும் போடச் சொல்லிக் கேட்டேன். எனக்கு இரண்டிலும் ஜாலரா தேங்காய்ச் சிரட்டையைத் தட்டின மாதிரி டொக்கு டொக்கு என்றுதான் விழுந்தது. ஜாலராவே அப்படித்தானே என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் மச்சினன் ஒரு நேர்மையான காரியம் செய்தான். இது சமமான போட்டியில்லை, ஆக மட்டமான தரத்தையும் ஆக உயர்ந்த தரத்தையும் ஒப்பிட்டால் யாருக்கும் தெரியும், நடுவில் சாதாரணத் தரம் ஒன்றிருக்கிறது, அதையும் ஹை ரெசலூஷனையும் போட்டுப் பார்ப்போம் என்று அவனே சொன்னான். தலைவர் ஒப்புக்கொண்டார். இந்த முறை தலைவரே உள்ளே போய் போனைத் தட்டினார். மச்சினனும் ஒரு காம்பராவில் போய்க் கதவை மூடிக்கொண்டான்.

தட்டுகள் கன்னாபின்னாவென்று வந்தன. ஒரு காம்பராவில் ஒன்று, இன்னொன்றில் இரண்டு, ஒன்றில் மூன்றும் விழுந்தது. பத்தில் பாதி சரி, பாதி பிழை. மச்சினனுடையதும் அதே லட்சணம்தான். அவன் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, இவ்வளவு சின்னப் பெட்டியில் நடுத்தரத்துக்கு மேலே எதைப் போட்டாலும் தனக்கே தெரியவில்லை, சந்தாவைக் குறைத்துவிடலாம் போலிருக்கிறது என்று ஒப்புக்கொண்டான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன். அதைத்தானே நான் முதலிலிருந்து சொன்னேன்? தலைவரே எழுதுங்க, 'வித்தியாசம் இல்லை' என்று எழுதுங்க என்று நோட்டைத் தட்டினேன். எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றச் சொன்னேன். இஸ்தோப்பில் நின்று, கொழும்புக் காதுக்கும் ஃபேக்டரிக் காதுக்கும் உள்ள பேதத்தைப் பற்றி ஒரு சின்னச் சொற்பொழிவே நடத்தினேன். லயத்து ஆட்கள் வெளியே வந்து டீயைக் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மச்சினன் மட்டும் டீயைக் குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்.

"மச்சான், ரெண்டாவது சோதனைல மட்டமானதுக்கும் நல்லதுக்கும் உங்களுக்கு நெசமாவே ஒண்ணும் தெரியலையா?"

இல்லாதது எப்படித் தெரியும் என்றேன். அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் ஸ்பீக்கர் இரண்டையும் இஸ்தோப்புத் திண்டில் வைத்து, போனில் வேறு ஏதோ ஒன்றைத் திறந்தான். இதில் ஒரே ஒரு சத்தம் வரும், கீச்சென்று மேலே தொடங்கிக் கொஞ்சங் கொஞ்சமாகத் தடித்துக் கீழே இறங்கும், கேட்கத் தொடங்கியதும் கையைத் தூக்குங்கள் என்று எல்லாரிடமும் சொன்னான். விளையாட்டு என்று நினைத்து எல்லாரும் வந்து நின்றார்கள். நான் டீக்கோப்பையை வைத்துவிட்டு முன்னால் போய் நின்றேன்.

முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையைத் தூக்கினார்கள். லயத்து நாய் எழுந்து பீலிப் பக்கம் போனது. பிறகு என் மனைவி தூக்கினாள். அப்புறம் பக்கத்துக் காம்பராக்காரர்கள். அப்புறம் அறுபத்தைந்து வயதுத் தலைவரும் தூக்கினார். கைகள் அப்படியே நின்றன. சிலர் மறுகையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு சேலைத் தலைப்பைக் காதில் திணித்தாள். இவர்களெல்லாம் என்னைச் சீண்டுவதற்காக நாடகம் போடுகிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது.

"போடு மாப்ள. எவ்ளோ நேரந்தான் நிக்கிறது?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மச்சினன் போனைப் பார்த்தபடியே நின்றான். பிறகு எங்கிருந்தோ ஒரு மெல்லிய விசில் எனக்கும் கேட்கத் தொடங்கியது. நான் கையைத் தூக்கியபோது எல்லாருடைய கையும் வலித்துக் கீழே இறங்கிவிட்டிருந்தது.

தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். போனில் ஏதோ பழுதிருக்கும் என்றார். பக்கத்துக் காம்பராக்காரரும் ஆமாம், இந்தக் காலத்துப் போன்கள் அப்படித்தான் என்றார். ஆளாளுக்குப் போனைத் திட்டினார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கும் முன்னாலேயே இவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.

எல்லாரும் போன பிறகு மனைவியிடம் கேட்டேன். முதலில் மழுப்பினாள். விடாமல் கேட்டதும் சொல்லிவிட்டாள். மூன்று திருவிழாவாகவே மிக்ஸரில் கீச்சுச் சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிளை நான் ஏற்றிக்கொண்டே போகிறேனாம். பாட்டு மங்கலாக இருக்கிறது என்று நானாக முணுமுணுத்துக்கொண்டே திருகுவேனாம். குழாய்க்குக் கீழே உட்கார முடியாமல், பெண்கள் விளக்குத்திரிக்கு வைத்திருக்கும் பஞ்சைப் பிய்த்துக் காதில் வைத்துக்கொண்டுதான் பூசை பார்த்தார்களாம். பூசாரி என் கையைப் பார்ப்பது மந்திரம் தொடங்குவதற்கு இல்லையாம். எப்போது மைக்கைத் திறப்பேன் என்ற பயத்தில்தானாம்.

"நான் குழாய்க்கு நேரா வந்து நின்னு ரெண்டு கையையும் தூக்கி, கொறைங்க கொறைங்கன்னு காட்டுனேன். நீங்க அருள் வந்திருச்சுன்னு நெனச்சு இன்னுங் கொஞ்சம் கூட்டுனீங்க."

அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பெண்சாதிக்கு அருள் வருகிற அளவுக்கு சவுண்ட் போட்டிருக்கிறேனே என்று அன்றைக்கு முழுக்கப் பெருமைப்பட்டவன் நான். வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் யாருமே சொல்லவில்லை என்று கத்தினேன். ஆறு காம்பராவுக்கும் கேட்டிருக்கும்.

ஃபேக்டரியில் காதுக்கு மாட்டுகிற கப் ஒன்று எங்கள் எல்லாருக்கும் கொடுத்திருந்தார்கள். வெளியிலிருந்து யாராவது பார்வையிட வரும் நாட்களில் மாட்டுவோம். அவர்கள் காரில் ஏறியதும் ஆணியில் தொங்கவிடுவோம். எனக்கு அதை மாட்டினால் ரோலர் சரியாகக் கேட்காது, பேரிங்கைக் கண்டுபிடிக்க முடியாது. காது கெட்டுப்போகக் கூடாது என்று கொடுத்த சாமானை, காது கேட்கவேண்டும் என்பதற்காகக் கழற்றிவைத்திருக்கிறேன். என்னைப் போன்ற புத்திசாலி அந்த ஃபேக்டரியில் வேறு யாரும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. மச்சினன் வரவில்லை. தலைவர் நோட்டைத் திறந்து, பேச்சுவார்த்தை முடிவு என்று வாசித்தார். மூன்றாவது சோதனையின்படி 'வித்தியாசம் இல்லை' தரப்பு வென்றிருப்பதால், இந்த வருடமும் மிக்ஸரில் நானே உட்காருவேன் என்றார். கமிட்டிக்காரர்கள் ஒருவர் விடாமல் கையைத் தூக்கினார்கள். பஞ்சு வைத்துக்கொள்ளத் தயாராகிவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

"மூணு வருசமா ஒருத்தராவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமே தலைவரே" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லலாம்னுதான் தம்பி ஒவ்வொரு வருசமும் வருவேன். நீங்க அந்த நாக்காலில ரொம்பச் சந்தோசமா இருப்பீங்க. அப்புடியே திரும்பிப் போயிருவேன்."

எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, அவருடைய காலைத் தொட்டுக் கும்பிடவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மிக்ஸர் பெட்டியின் சாவியை எடுத்து மேசையில் வைத்தேன். மச்சினனிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் யாராவது பின்னால் வந்து கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்குமோ என்னவோ.

திருவிழா முதல் நாள் மத்தியானப் பூசைக்கு, பதினோரு வருடத்தில் முதல் முறையாகக் கூட்டத்தோடு கூட்டமாகப் பாயில் உட்கார்ந்தேன். குழாய்கள் அதே மாமரத்தில்தான் இருந்தன. மச்சினன் நாற்காலியில் முதுகு சாயாமல், பரீட்சை எழுதுகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். பாட்டு தொடங்கியது. எனக்குக் கம்பளிக்குள் சுற்றிவைத்துப் பாடுவது போலிருந்தது. கைகள் தாமாகவே துறுதுறுத்தன. ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லுவோம் என்று எழுந்தேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

சுற்றிப் பார்த்தேன். யாருடைய காதிலும் பஞ்சு இல்லை. பெண்கள் குழாய்க்கு நேர் கீழேயே சாவகாசமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மடியில் நாலைந்து கைப்பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு தூங்கின. பாட்டு ஏறி உச்சத்துக்குப் போனபோதும் ஒன்றும் அசையவில்லை. நான் மிக்ஸரில் இருந்த காலத்தில் திருவிழாவில் ஒரு பிள்ளைகூடத் தூங்கியதில்லை, பூசை முடியும்வரை வீரிட்டு அழும். அதை நான் அம்மனுடைய சக்தி என்று நினைத்திருந்தேன்.